பனியன் ஊரில் ஒரு பி.பி.ஏ. வகுப்பு

எங்கள் கல்லூரியில் சேர்க்கை தொடங்கினால் பி.காம். முதலில் நிரம்பும். அடுத்து பி.காம். சி.ஏ., பிறகு பி.சி.ஏ. அங்கெல்லாம் இடம் கிடைக்காதவர்களிடம், "பி.பி.ஏ. இருக்கு, பார்க்கிறீங்களா?" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். திருப்பூரை ஒட்டிய ஒரு கலைக் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் பாடம் நடத்துவது பெரும்பாலும் இப்படி வந்து சேரும் பிள்ளைகளுக்குத்தான். பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்தவர்கள் சிலர், அறிவியல் பிரிவில் மதிப்பெண் குறைந்தவர்கள் சிலர், தொழிற்கல்விப் பிரிவிலிருந்து வருகிறவர்கள் சிலர். கூட வரும் அப்பாவோ அம்மாவோ கேட்கும் கேள்வி மட்டும் ஒன்றுதான்: "ஏனுங் மேடம், இதைப் படிச்சா என்ன வேலைக்குப் போவாங்க?"

மெர்ச்சண்டைசர் ஆகலாம், அக்கவுண்ட்ஸில் சேரலாம், வங்கித் தேர்வு எழுதலாம், டான்செட் எழுதி எம்.பி.ஏ. போகலாம் என்று சொல்வேன். எங்கள் பிள்ளைகள் இந்த நான்கு வழியிலும் போயிருக்கிறார்கள். ஆனால் சேர்க்கை வரிசையில் நிற்பவரிடம் விளக்கிச் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. இந்தப் படிப்பின் பலம் அந்த வகுப்பில் யார் யார் வந்து உட்காருகிறார்கள் என்பதில் இருக்கிறது. நாலு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறவரின் மகன் இருப்பான். சாயப்பட்டறையில் பங்கு வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் இருப்பாள். அதே மாதிரிக் கம்பெனிகளுக்குச் செக்கிங்குக்கும் கைமடிக்கும் போகிற அம்மாக்களின் பிள்ளைகள் இருப்பார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து பிழைக்க வந்து லைன் வீட்டில் குடியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். கூலி கொடுக்கிற வீடும் கூலி வாங்குகிற வீடும் ஒரே வருகைப் பதிவேட்டில். மேலாண்மை கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஏனென்றால், இந்தத் துறையின் மூல நூல்களில் பெரும்பாலானவை கூலி கொடுக்கிற பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. 1881-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வணிகப் பள்ளியை நிறுவிய ஜோசப் வார்ட்டன் ஒரு தொழிலதிபர். அவர் முக்கியப் பங்குதாரராக இருந்த பெத்லஹேம் எஃகு நிறுவனத்தில்தான் எஃப்.டபிள்யூ. டெய்லர் தன் புகழ்பெற்ற சோதனைகளைச் செய்தார். பதினான்கு கோட்பாடுகளை எழுதிய ஹென்றி ஃபயோல், பிரான்ஸில் ஒரு சுரங்க நிறுவனத்தைப் பல காலம் தலைமையேற்று நடத்தியவர். அவர்கள் கண்டது பொய்யில்லை. ஆனால் அந்த நாற்காலியிலிருந்து கண்டது. எங்கள் வகுப்பில் மறுபக்கத்திலிருந்து பார்க்கிற கண்களும் இருக்கின்றன. அவற்றைப் பேசவைப்பதுதான் என் வேலை என்று நான் நினைக்கிறேன்.

முதல் செமஸ்டரில் ஃபயோல் வருவார். 1916-இல் அவர் எழுதியதைப் பிள்ளைகள் முதலெழுத்துகளைக் கோத்து மனப்பாடம் செய்துவிடுவார்கள். பதினான்கையும் வரிசை தவறாமல் ஒப்பிப்பார்கள். அதை நான் தடுப்பதில்லை, தேர்வுக்கு வேண்டியிருக்கிறது. 'ஒரு தொழிலாளிக்கு ஒருவரே கட்டளையிட வேண்டும்' என்ற கோட்பாடு வரும்போது மட்டும் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "உங்க வீட்ல வேலைக்குப் போறவங்களுக்கு யார் யார் வேலை சொல்றாங்க, கேட்டுட்டு வாங்க" என்பேன். ஒரு மாணவி எழுதிக்கொண்டு வந்தாள். அவள் அம்மா செக்கிங் டேபிளில் நிற்பவர். சீக்கிரம் முடி என்று சூப்பர்வைசர் சொல்கிறார். நிறுத்து, இந்த லாட்டையே திருப்பிப் பார் என்று பையர் அனுப்பிய க்யூ.சி. சொல்கிறார். அதை விடு, நாளைக்கு ஏற்ற வேண்டிய பெட்டியைப் பார் என்று முதலாளியின் மச்சான் சொல்கிறார். மூன்று பேரும் ஒரே மத்தியானத்தில். யார் சொன்னதைக் கேட்டாலும் மற்ற இருவரிடம் ஏச்சு வாங்க வேண்டும். அவள் படித்து முடித்ததும் ஜாப் ஒர்க் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "மேம், எங்க கம்பெனில அப்பாதான் எல்லாம். ஒருத்தர்தான் சொல்வாரு. ஆனா அவர் பேங்குக்குப் போயிட்டா வேலை நின்னுடும்" என்றான்.

இந்த இரண்டு தொல்லைகளுக்கும் ஃபயோலிடமே விடை இருக்கிறது என்பதைப் பல குறிப்புகளில் விட்டுவிடுகிறார்கள். கட்டளை மேலிருந்து படிப்படியாக இறங்க வேண்டும் என்று சொன்ன அதே மனிதர், சமநிலையில் இருக்கும் இருவர் மேலதிகாரிகளின் ஒப்புதலோடு நேராகப் பேசி முடித்துக்கொள்ளப் பாலம் ஒன்றையும் வரைந்து காட்டினார். கட்டிங் மாஸ்டரும் மெர்ச்சண்டைசரும் முதலாளி வரும்வரை காத்திருக்காமல் அளவைப் பேசித் தீர்த்துவிட்டுப் பிறகு தகவல் சொன்னால் போதும். அந்தப் படத்தைப் பலகையில் போட்டு, கட்டங்களில் எல்லாம் பனியன் கம்பெனிப் பெயர்களை எழுதினால், அதன்பின் யாரும் அதை மறப்பதில்லை.

டெய்லர் பாடத்துக்கு நான் எப்போதும் கூடுதல் வகுப்பு எடுத்துக்கொள்வேன். 1911-இல் வந்த அவருடைய நூலில் இரும்புப் பாளம் சுமக்கும் தொழிலாளியின் கதை வருகிறது. ஒவ்வொரு பாளமும் 92 பவுண்டு எடை. ஆளுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை டன் சுமந்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எப்போது தூக்க வேண்டும், எப்போது இளைப்பாற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, ஒருவரை 47.5 டன் ஏற்றவைத்தார் டெய்லர். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆயிற்று. அந்தக் கதையில் மிகை நிறைய உண்டு என்று 1970-களில் ஆய்வாளர்கள் ஆவணங்களைத் தோண்டிக் காட்டினார்கள். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஆனாலும் எண்களை அவர் தந்தபடியே எடுத்துக்கொண்டு கணக்குப் போடச் சொல்வேன்.

வேலை 3.8 மடங்கு. கூலி கூடியது 61 சதவீதம். ஒரு டன்னுக்குக் கூலிச் செலவு முன்பு 9.2 சென்ட், இப்போது 3.9 சென்ட். பலகையில் இந்த மூன்று வரி ஏறியதும் வகுப்பு மாறிவிடும். ஒரு வருடம் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், "மிச்சம் யாருக்கு மேம்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் நானே வகுப்பில் வைக்கிறேன். முதலாளி வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து விடை உடனே வரும். மெஷின் வாங்கிய கடனுக்கு வட்டி, ஒவ்வொரு சீசனிலும் விலையைக் குறைத்துக் கேட்கிற பையர், பஞ்சு விலை ஏறினால் கையைப் பிடிக்கிற நூல் விலை. கூலி வாங்குகிற வீட்டுப் பிள்ளைகளிடம் வேறு பட்டியல் இருக்கும். நாள் முழுக்க நின்ற காலில் வீக்கம், வேகமாகத் தைக்கிறவருக்கே அடுத்த ஆர்டரில் குறைகிற ரேட். டெய்லர் தன் நூலில் மூன்றாவது தரப்பு ஒன்றைச் சொல்கிறார்: பொருளை வாங்கும் பொதுமக்கள். விலை குறைவதால் அவர்களுக்கும் பங்கு போகிறது என்பது அவர் வாதம். அப்படியானால் எங்கள் ஊர் மிச்சத்தில் ஒரு பங்கு கடல் கடந்து ஏதோ ஒரு கடையில் மலிவாகச் சட்டை எடுப்பவருக்குப் போகிறது. பத்தொன்பது வயதில் இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு, செய்தித்தாளில் ஏற்றுமதிச் செய்தி வரும்போது அது வேறு மாதிரிப் புரியும்.

ரேட் குறைப்பு பற்றிய பேச்சு ஹாதார்ன் ஆய்வு வரைக்கும் தொடரும். சிகாகோவை அடுத்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த அந்த ஆய்வுகளைப் பற்றிப் புத்தகங்களில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: கவனித்தால் தொழிலாளர் நன்றாக வேலை செய்வார்கள். நான் இரண்டு அறைகளைப் பிரித்துச் சொல்வேன். ரிலே பூட்டும் அறையில் இளம்பெண்கள் சிலரைத் தனியே உட்காரவைத்து, இடைவேளையும் வேலை நேரமும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி கூடியது. ஆனால் அங்கே கூலி முறையையும் மாற்றியிருந்தார்கள். அந்தச் சிறு குழு செய்வதற்கு ஏற்ப அந்தக் குழுவுக்கே கூலி என்று ஆக்கியிருந்தார்கள். கவனிப்பு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். "ரேட்டுக்காகத்தான் மேம்" என்று எங்கள் பிள்ளைகள் வாதத்தையே ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். நான் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லி, மரியாதையாகப் பேசும் சூப்பர்வைசர் இருக்கும் கம்பெனியை விட்டு உங்கள் அம்மா ஏன் போகவில்லை என்று கேட்பேன். அப்போது யோசிப்பார்கள்.

மற்றோர் அறையில் ஒயர் இணைக்கும் ஆண்கள். அவர்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டு அதற்கு மேல் செய்யவில்லை. மிஞ்சிச் செய்பவரைக் கேலி பேசினார்கள், கையில் குத்தினார்கள். அதிகம் செய்து காட்டினால் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் அல்லது ஆளைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம். இதற்கு எங்கள் வகுப்பில் விளக்கமே தேவைப்படாது. வெளியூர்க் கல்லூரியொன்றில் இதே பாடத்தை நடத்தியபோது நான் மணிக்கணக்கில் விளக்க வேண்டியிருந்தது.

கணக்குப் பாடத்தைச் சொல்லாமல் பி.பி.ஏ.வைச் சொல்ல முடியாது. பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படிக்காதவர்களுக்கு முதல் வருடம் பயம். பற்று வரவு இரண்டும் எப்படியும் சமமாக வரவேண்டும் என்பதே அவர்களுக்குப் புதிர். ரெட்டி அண்ட் மூர்த்தி புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது. கையெழுத்துப் பழகுகிற மாதிரிதான், கை ஓட ஓடத்தான் வரும். இரண்டாம் வருடம் அடக்கவிலைக் கணக்கு வரும்போது பயம் போய்விடும், காரணம் அது அவர்கள் வீட்டுப் பேச்சு.

சாயப்பட்டறை சலான் ஒன்றை யாராவது கொண்டுவரச் சொல்வேன். கம்பெனிப் பெயரை மறைத்துவிட்டு எடையை மட்டும் பலகையில் எழுதுவோம். அனுப்பிய கிரே துணி 100 கிலோ, திரும்பி வந்தது 94 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாயம் போட்டால் ஐந்து கிலோ குறையும் என்பது பேசிவைத்த கணக்கு. துணி கிலோ 300 ரூபாய், சாயக்கூலி அனுப்பிய எடைக்குக் கிலோ 80 ரூபாய். மொத்தச் செலவு 38,000. இதை எதால் வகுப்பது? நூறால் என்பார் ஒருவர், தொண்ணூற்று நான்கால் என்பார் இன்னொருவர். விதி, தொண்ணூற்றைந்தால் வகுக்கச் சொல்கிறது. தவிர்க்க முடியாத கழிவை நல்ல துணி சுமக்க வேண்டும். ஆகவே கிலோ 400 ரூபாய். கூடுதலாகப் போன ஒரு கிலோ அசாதாரண நட்டம். அந்த 400 ரூபாய் துணியின் விலையில் ஏறக்கூடாது, லாப நட்டக் கணக்குக்குத் தனியே போக வேண்டும். ஏன் தனியே? சட்டை விலைக்குள் அதை ஒளித்துவிட்டால் யாருடைய கவனக்குறைவு அது என்று ஒருவரும் தேடமாட்டார்கள். இதைச் சொன்ன அன்று சாயங்காலமே தங்கள் பழைய சலான்களை எடுத்து எடை பார்த்த பிள்ளைகள் உண்டு. ஒருவனுடைய அப்பா எனக்குத் தொலைபேசியில் அழைத்து, "மேடம், நாங்க நூறாலதானுங் வகுத்துட்டிருந்தோம்" என்று சொல்லிவிட்டு, பையனைப் படிப்பு முடியும்வரை கம்பெனிக்குக் கூப்பிடமாட்டேன் என்றார். அதைவிட எனக்குப் பெரிய சம்பளம் வந்ததில்லை.

2011 ஜனவரி இறுதியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளிகூட வெளியேற்றாத நிலையை எட்டும்வரை இயங்கக்கூடாது என்றது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் நின்றால் கட்டிங் இல்லை, கட்டிங் நின்றால் தையல் இல்லை. சனிக்கிழமைச் சம்பளம் சுருங்கியது. ஊருக்குத் திரும்பிய குடும்பங்களோடு சில பிள்ளைகளும் போனார்கள். மிச்சமிருந்தவர்களில் சாயப்பட்டறைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்தில் கிணறும் காடும் கெட்டுப்போன விவசாயி வீட்டுப் பையனும் இருந்தான். தொழிற்சூழல் என்று ஒரு தாள் அந்த செமஸ்டரில் நடந்துகொண்டிருந்தது. வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று சொன்னதைப் பாடமாக வைத்தேன்.

வகுப்பில் சத்தம் எழுந்தது. எழட்டும் என்று விட்டேன். பிறகு மறுபடியும் பலகைக்கு வந்தோம். சாயக்கூலியில் இத்தனை வருடம் என்னென்ன சேர்ந்திருந்தது? உப்பு, சாயம், விறகு, ஆள்கூலி, மின்சாரம். தண்ணீரைச் சுத்தம் செய்யும் முழுச் செலவு அதில் இருந்ததா? இல்லையென்றால் அந்தச் செலவை இத்தனை காலம் யார் கட்டினார்கள்? பட்டறைக் குடும்பத்துப் பெண்தான் விடை சொன்னாள்: "கீழ ஊர்க்காரங்க, மேம்." அவள் அதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பையனும் பிறகு அவளிடம் ஏற்றுமதி நின்றால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது என்று விவரமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சமூகப் பொறுப்பு என்ற தலைப்பில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக மட்டும் இதைப் படித்துவிட்டுப் போகும் மாணவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்வழியில் பள்ளி முடித்த பிள்ளை ஆங்கிலத்தில் பத்து மதிப்பெண் விடை எழுத வேண்டும். ஆகவே கைடு விற்கிறது, மனப்பாடம் நடக்கிறது. தமிழில் விளக்கி, தமிழில் விவாதித்து, கடைசியில் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் அவர்களையே எழுதவைப்பேன். மதிப்பெண் சற்றுக் குறைந்தாலும் அந்த விடை அவர்களுடையது. நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளை அரியரோடு நிற்பதும், ஒன்றும் புரியாமல் ஒப்பித்த பிள்ளை முதல் வகுப்பில் தேறுவதும் இந்த முறையில் நடக்கத்தான் செய்கிறது. அது அநியாயம்.

கடைசி செமஸ்டரில் புராஜெக்ட். 'பணியாளர் மனநிறைவு பற்றிய ஓர் ஆய்வு' என்று தொடங்கும் தலைப்புகளைத் துறை நூலகத்து அலமாரி முழுக்கப் பார்க்கலாம். நூறு பேரிடம் கேள்வித்தாள், சதவீத அட்டவணை, ஒரு கை-வர்க்கச் சோதனை, தங்க எழுத்து பைண்டிங். பல ஜெராக்ஸ் கடைகளில் இது ஆயத்தமாகவே கிடைக்கும். வாசலில் வைத்து நீட்டும் தாளில், முதலாளி ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது, யார் மனநிறைவு இல்லை என்று எழுதுவார்கள்? என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் கேள்வித்தாள் தருவதில்லை. ஒரே இடத்தில் நின்று, துணி எங்கே நகர்கிறது, எங்கே தேங்குகிறது என்று மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன்.

ஒரு மாணவி ஒரு ஜாப் ஒர்க் கம்பெனியில் கட்டிங்குக்கும் தையலுக்கும் நடுவே நின்றாள். வெட்டிய துணி மூன்று நாளில் தைத்து வெளியே போய்விடும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அவள் தினமும் காலையில் கட்டுகளை எண்ணினாள். உள்ளே ஏறக்குறைய 4,000 பீஸ் எப்போதும் கிடந்தது, வெளியே போனது ஒரு நாளைக்கு 500. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. உள்ளே நிற்கும் அளவை வெளியேறும் வேகத்தால் வகுத்தால், ஒவ்வொன்றும் சராசரியாக எவ்வளவு காலம் காத்திருக்கிறது என்பது வந்துவிடும். எங்கள் பாடத்திட்டத்தில் அது இல்லை, அவளுக்குத் தேவைப்பட்டதால் சொல்லிக்கொடுத்தேன். எட்டு நாள். முதலாளி முதலில் நம்பவில்லை, பிறகு அவரே கட்டுகளில் தேதிச் சீட்டு ஒட்டிப் பார்த்தார். ஷிப்மெண்ட் நெருங்கும் வாரத்தில் தொழிலாளர்கள் ஒன்றரை ஷிஃப்ட்டைத் தாண்டி இரவும் உட்கார வேண்டியிருந்ததன் காரணம் அந்தத் தேக்கத்தில் இருந்தது. தையல்காரர்கள் மெதுவாகத் தைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அந்தக் கம்பெனியில் அதோடு நின்றது. வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளர் அட்டவணைகள் குறைவாக இருக்கின்றன என்றார். மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார்.

இப்போது மாற்றங்கள் வேகமாக வருகின்றன. 2022-இல் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் வந்து திறன் பயிற்சிகள் சேர்ந்தன. 2024-25 முதல் பி.பி.ஏ. படிப்பு ஏ.ஐ.சி.டி.இ.யின் கீழ் வந்து, மாதிரிப் பாடத்திட்டமும் கிடைத்திருக்கிறது. இன்டர்ன்ஷிப்புக்கு முன்பைவிட இடம் கூடியிருப்பது நல்லது. தரவுப் பகுப்பாய்வு சேர்ந்ததும் நல்லது. கூலிப் பட்டியல் ஒன்றைப் படித்து, வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் சரியாகப் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கத் தெரியும் பயிற்சியையும் முதல் ஆண்டிலேயே கட்டாயமாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் அது வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும்.

பழைய மாணவர்களில் ஒருவர் இன்று அறுபது மெஷின் வைத்துக் கம்பெனி நடத்துகிறார். ஆர்டர் தொடங்குமுன்பே ஒவ்வொரு வேலைக்குமான பீஸ் ரேட்டைப் பலகையில் எழுதி மாட்டிவிடுகிறார், ஆர்டர் முடியும்வரை அதைக் குறைப்பதில்லை. அவரோடு படித்த ஒரு பெண் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறார். அடுத்த ஆர்டரில் குறைத்தால் மட்டும் அது குறைப்பு ஆகாதா என்று அவர் இவரிடம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரே டிசைன், ஒரே வேலை என்றால் ரேட்டும் அதேதான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பையர் விலையைக் குறைத்தால் நான் எங்கே போவது என்பது இவர் கட்சி. இரண்டு பேரையும் இந்த செமஸ்டர் வகுப்புக்கு அழைத்திருக்கிறேன். தங்கள் அடக்கவிலைத் தாளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.